பூட் நேரத்தில் ரகசியத்தை உள்ளே அனுப்புவது: லினக்ஸ் சர்வருக்கு எந்த வழி பொருந்தும்?

லினக்ஸ் சர்வர் ஒன்று பூட் ஆகும்போது இரண்டு வகைத் தகவல்கள் வெளியிலிருந்து அதற்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. ஹோஸ்ட்நேம், நேர மண்டலம், நெட்வொர்க் அமைப்பு, எஸ்எஸ்ஹெச் பொதுச்சாவி ஆகியவை ஒரு வகை. இவை பிறர் கண்ணில் பட்டாலும் பெரிய சேதமில்லை. டேட்டாபேஸ் கடவுச்சொல், டிஎல்எஸ் தனிச்சாவி, ஏபிஐ டோக்கன் ஆகியவை இன்னொரு வகை. இரண்டையும் ஒரே கோப்பில் எழுதி ஒரே வழியில் அனுப்பிவிடுவது வசதிதான். ஆனால் கான்ஃபிக்கைப் படிக்கும் உரிமை உள்ள அத்தனை பேருக்கும் கடவுச்சொல்லும் சேர்ந்தே போய்விடும்.

வழியைத் தேர்வு செய்யும்போது “இது என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் போதாது. ரகசியத்தை நீங்கள் எழுதும் இடத்திலிருந்து, சர்வீஸ் அதைத் திறந்து படிக்கும் நொடி வரை, இடையில் யாரெல்லாம் அதைப் படிக்க முடியும்? அதை மாற்ற வேண்டி வந்தால் எத்தனை இடத்தில் கைவைக்க வேண்டும்? மின்சாரம் போய் எல்லாச் சர்வர்களும் ஒரே நேரத்தில் எழும்போது யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும்? கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த மூன்று கேள்விகளை வைத்தே எடை போட்டிருக்கிறோம்.

முதலில் கழித்துவிட வேண்டியவை

கெர்னல் கமாண்ட் லைனில் ரகசியம் கூடவே கூடாது. /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பை எந்தச் சாதாரணப் பயனரும் படிக்கலாம். பூட்டின் முதல் சில வரிகளிலேயே கெர்னல் அதை லாக்கில் எழுதிவிடும், அது ஜர்னல் என்ற சிஸ்டம் லாக்கில் போய்த் தங்கிவிடும். பூட்லோடர் கோப்பில் எழுதி வைத்திருந்தால், என்கிரிப்ட் ஆகாத பூட் பார்ட்டிஷனில் அது அப்படியே கிடக்கும். போதாக்குறைக்கு எக்ஸ்86 கணினிகளில் மொத்த அளவே 2048 பைட்தான். சிறிய கான்ஃபிக் விருப்பங்களுக்கு மட்டும் இந்த வழி.

என்விரான்மென்ட் மாறிகளை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் ஏராளமான மென்பொருள்கள் அதையே எதிர்பார்க்கின்றன. ஆனாலும் சிக்கல்கள் உண்மையானவை. சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்பில் (ஒரு சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் கோப்பு) நேரடியாக எழுதிய மாறியை, ரூட் அல்லாத பயனரும் சிஸ்டம்சிடிஎல் ஷோ கட்டளையால் பார்த்துவிடலாம். 0600 அனுமதியுள்ள தனிக் கோப்பில் வைத்து என்விரான்மென்ட்ஃபைல் மூலம் ஏற்றினால் இந்த ஓட்டை அடைபடும். ஆனால் அந்தச் சர்வீஸ் தொடங்கும் ஒவ்வொரு துணை ப்ராசஸுக்கும் மாறி தானாகவே கைமாறும். ப்ரோகிராம் விழுந்தால் சிஸ்டம்டி-கோர்டம்ப் அதன் என்விரான்மென்ட் முழுவதையும் ஜர்னலில் பதிந்து வைக்கும். கடவுச்சொல் இரவில் விழுந்த ஒரு கிராஷ் அறிக்கையோடு சேர்ந்து லாக் சேகரிக்கும் சர்வருக்குப் போவது இப்படித்தான்.

பூட்டின் தொடக்கத்தில் கெர்னல் நினைவகத்தில் ஏற்றும் சிறு கோப்பு முறையான இனிட்ஆர்டிக்குள் கோப்பாகப் பொதிந்து வைப்பது மூன்றாவது தவறான வழி. இனிட்ஆர்டி வெறும் சுருக்கிய சிபிஐஓ தொகுப்பு. படிக்கும் அனுமதி உள்ள யாரும் அதைப் பிரித்துப் பார்த்துவிடலாம். டெபியனில் அந்தக் கோப்பு இயல்பாக எல்லோரும் படிக்கும்படியே உருவாகிறது. தவிர்க்க முடியாமல் உள்ளே சாவி வைத்தே ஆக வேண்டுமென்றால், இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் யூமாஸ்க் 0077 என்று சேர்த்துவிட்டு மறுபடி உருவாக்குங்கள். அப்போதும் வட்டைக் கழற்றி எடுத்துப் போகிறவருக்கு எதிராக அது எதுவும் செய்யாது.

கிளவுட்-இனிட்: கான்ஃபிக்குக்கு நல்லது, அதோடு நிறுத்துங்கள்

பொது கிளவுடில், முதல் பூட்டில் மெஷினை அமைக்கும் கருவியான கிளவுட்-இனிட்டைத் தவிர்ப்பது கடினம், தவிர்க்கவும் தேவையில்லை. பயனர்களை உருவாக்குவது, பேக்கேஜ்களை நிறுவுவது, எஸ்எஸ்ஹெச் பொதுச்சாவியை வைப்பது என்று எல்லாவற்றையும் ஒரு யாமல் கோப்பில் எழுதிவிடலாம். அந்தக் கோப்பு யூசர்-டேட்டா என்ற பெயரில் 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரி வழியே மெஷினுக்கு வருகிறது.

அந்த முகவரிதான் பிரச்சினை. மெஷினுக்குள் ஓடும் எந்த ப்ராசஸும், ரூட்டாக இல்லாவிட்டாலும், கர்ல் கட்டளை ஒன்றால் யூசர்-டேட்டா முழுவதையும் எடுத்துவிடலாம். அமேசான் ஈசி2 சேவையில், மெட்டாடேட்டா சேவையின் இரண்டாம் பதிப்பான ஐஎம்டிஎஸ்வி2 வந்தது 2019 நவம்பரில். முதலில் ஒரு டோக்கன் வாங்க வேண்டும் என்ற அதன் விதி, வெளியிலிருந்து சர்வரை ஏமாற்றிக் கோரிக்கை அனுப்ப வைக்கும் தாக்குதலைத் தடுக்கிறது. உள்ளேயே ஓடும் ப்ராசஸ் டோக்கனையும் தானே வாங்கிக்கொள்ளும் என்பதால் அதற்கு இது தடையாகாது. அதற்கு லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில், ரூட் பயனர் தவிர வேறு யாரும் அந்த முகவரிக்குப் போகக் கூடாது என்று ஒரு விதி எழுத வேண்டும். வெளிச்செல்லும் சங்கிலியில் ஒரே வரிதான். அதை எழுதாத மெஷின்களே அதிகம் என்பது வருத்தமான விஷயம்.

வேறு தடைகளும் உண்டு. ஈசி2வில் யூசர்-டேட்டாவின் அளவு 16 கேபிக்கு மேல் போகக் கூடாது. மாற்ற வேண்டுமென்றால் மெஷினை நிறுத்த வேண்டும். மாற்றினாலும், பெரும்பாலான மாட்யூல்கள் ஒரு இன்ஸ்டன்ஸ் ஐடிக்கு ஒருமுறைதான் ஓடும் என்பதால் புதிய கடவுச்சொல் உள்ளே போகாது. ஷெல் ஸ்கிரிப்டில் செட் மைனஸ் எக்ஸ் இருந்தால் ஒவ்வொரு கட்டளையும் அதன் மதிப்புகளோடு கிளவுட்-இனிட்-அவுட்புட் லாக்கில் பதிவாகும். கிளவுட்-இனிட்டே உருவாக்கிய தற்செயல் கடவுச்சொல், எல்லோரும் படிக்கும் அனுமதியோடு இருந்த இந்த லாக்கில் விழுந்த குறைதான் சிவிஇ-2021-3429.

சொந்த விஎம்களில் (மெய்நிகர் கணினிகளில்) கிளவுட்-இனிட்டின் நோகிளவுட் முறையில், சிஐடேட்டா என்று லேபிள் வைத்த ஒரு சிறு ஐஎஸ்ஓ மூலம் இதே வேலை நடக்கும். முதல் பூட் முடிந்ததும் அந்த ஐஎஸ்ஓவைக் கழற்றிவிடுங்கள். உபுண்டுவின் இயல்பான பயனர் சிடிராம் குழுவில் இருப்பார், அந்தக் குழுவுக்கு ஆப்டிகல் டிரைவைப் படிக்கும் உரிமை உண்டு. சூடோ கேட்காமலே உள்ளடக்கத்தைப் படித்துவிடலாம்.

ஃபெடோரா கோர்ஓஎஸ், ஃப்ளாட்கார் ஆகிய லினக்ஸ் வகைகளின் இக்னிஷன் கருவி இதே வேலையை இனிட்ஆர்டி கட்டத்திலேயே, முதல் பூட்டில் ஒரே ஒருமுறை செய்கிறது. தவறு இருந்தால் பாதி அமைந்த மெஷினை எழவிடாமல் பூட்டையே நிறுத்திவிடும். அது நல்ல குணம். ஆனால் ஒருமுறைதான் ஓடும் என்பதால் ரகசியத்தை மாற்ற மெஷினையே புதிதாகக் கட்ட வேண்டும். ஆகவே இதுவும் கான்ஃபிக்குக்கு மட்டுமே.

சிஸ்டம்டி கிரெடென்ஷியல்: நம் பரிந்துரையின் மையம்

2020இல் வந்த சிஸ்டம்டி 247இல் லோட்கிரெடென்ஷியல் என்ற விருப்பம் அறிமுகமானது. 2021 டிசம்பரில் வந்த 250இல் என்கிரிப்ட் செய்த வடிவமும் சிஸ்டம்டி-கிரெட்ஸ் கருவியும் வந்தன. சர்வீஸ் தொடங்கும் நேரத்தில் மட்டும் ரகசியம் டிகிரிப்ட் ஆகி, /ரன்/கிரெடென்ஷியல்ஸ் அடியில் அந்தச் சர்வீஸுக்கே உரிய அடைவில் ஒரு கோப்பாகத் தோன்றும். இயன்றவரை ஸ்வாப்புக்குப் போகாத நினைவகத்தில் அது இருக்கும். சர்வீஸின் பயனரும் ரூட்டும் மட்டுமே படிக்கலாம். சர்வீஸ் நின்றதும் அடைவு மறைந்துவிடும். ஒரு சர்வீஸுக்கு மொத்தம் 1 எம்பி வரை வைக்கலாம். துணை ப்ராசஸுக்குத் தானாகக் கைமாறாது, கோர்டம்பின் என்விரான்மென்ட் பதிவிலும் விழாது.

இதற்கு ஒரு எல்லை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் ரூட் உரிமை பெற்றுவிட்டவரிடமிருந்து இது காப்பாற்றாது, வேறு எந்த வழியும் காப்பாற்றாது. பக்கத்துச் சர்வீஸ், சாதாரணப் பயனர், திருடப்பட்ட வட்டு, பேக்கப் நகல் ஆகிய நால்வரிடமிருந்து காப்பாற்றும்.

சொந்த ரேக்கில் உள்ள சர்வரில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சிஸ்டம்டி-கிரெட்ஸின் செட்அப் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் /வார்/லிப்/சிஸ்டம்டி அடியில் அந்த மெஷினுக்கே உரிய ஹோஸ்ட் சாவி உருவாகும். பிறகு என்கிரிப்ட் கட்டளைக்கு ரகசியத்தை ஸ்டாண்டர்ட் இன்புட்டில் கொடுத்து, நேம் விருப்பத்தில் டிபிபாஸ் என்பதுபோல ஒரு பெயர் வைத்து, வித்-கீ விருப்பத்தில் ஹோஸ்ட், டிபிஎம்2 (மதர்போர்டில் உள்ள பாதுகாப்புச் சிப்) இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். கிடைக்கும் கோப்பை /ஈடிசி/கிரெட்ஸ்டோர்.என்கிரிப்டெட் அடைவில் அதே பெயரில் வையுங்கள். யூனிட் கோப்பில் லோட்கிரெடென்ஷியல்என்கிரிப்டெட் என்ற வரியில் அந்தப் பெயரை எழுதுங்கள். ப்ரோகிராமுக்குக் கோப்பின் பாதையைச் சொல்ல சதவீதக் குறியோடு சின்ன டி என்ற குறியீடு உண்டு, கிரெடென்ஷியல் அடைவின் பாதையாக அது விரியும். ஹோஸ்ட் சாவியை மட்டும் நம்பினால், சாவியும் பூட்டும் ஒரே வட்டில் கிடப்பதால் வட்டைத் திருடியவருக்கு இரண்டும் கிடைத்துவிடும். டிபிஎம் சிப்பையும் சேர்த்தால் அந்த மதர்போர்டும் வேண்டும்.

இதில் தடுக்கி விழும் இடங்கள் பல. எக்கோ கட்டளையால் கடவுச்சொல்லை அனுப்பினால் கடைசியில் ஒரு வரி முறிவு ஒட்டிக்கொள்ளும். டேட்டாபேஸ் “கடவுச்சொல் தவறு” என்று சொல்லும், பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். பிரிண்ட்எஃப் பயன்படுத்துங்கள். கட்டளை ஹிஸ்டரியில் பதியாமல் இருக்க, சிஸ்டம்டி-ஆஸ்க்-பாஸ்வேர்ட் மூலம் தட்டச்சு செய்து குழாயில் அனுப்புவது இன்னும் நல்லது.

கிரெடென்ஷியலின் பெயரும் என்கிரிப்ட் ஆன உள்ளடக்கத்துக்குள் பொதிந்திருக்கும். ஒரு சர்வீஸின் ரகசியத்தை இன்னொன்றின் பெயரில் யாரும் மாற்றி வைக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நேம் விருப்பத்தைக் கொடுக்காவிட்டால் வெளியீட்டுக் கோப்பின் பெயரையே அது எடுத்துக்கொள்ளும். பிறகு வேறு பெயரில் ஏற்றினால் டிகிரிப்ட் மறுக்கப்படும்.

பூட்டின் நிலையைப் பதிந்து வைக்கும் டிபிஎம் பதிவகங்களில் ஒன்றான பிசிஆர் 7, கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் பூட் செய்யவிடும் செக்யூர் பூட்டின் நிலையைப் பதிவு செய்வது. ரகசியத்தை அதோடு கட்டினால், ஃபர்ம்வேரில் செக்யூர் பூட்டின் தடைப்பட்டியல் புதுப்பிக்கப்பட்டதும் சிப் சாவியைத் தர மறுக்கும். மதர்போர்டு பழுதாகி மாற்றினாலும் அப்படியே. மூலப் பிரதி ஒன்று மெஷினுக்கு வெளியே, ஒரு பாஸ்வேர்ட் பெட்டகத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். மெஷினில் இருக்கும் என்கிரிப்ட் கோப்பை பேக்கப் என்று எண்ணிவிடாதீர்கள்.

கோல்டன் இமேஜ் தயாரித்துப் பல மெஷின்களுக்கு நகலெடுப்பவர்கள், இமேஜில் ஹோஸ்ட் சாவியான கிரெடென்ஷியல்.சீக்ரெட் கோப்பு இருந்தால் நீக்கிவிட வேண்டும். மெஷின்-ஐடியையும் ரேண்டம்-சீடையும் நீக்கும் அதே கட்டத்தில் இதையும் செய்யுங்கள். இல்லையென்றால் எல்லா மெஷின்களுக்கும் ஒரே சாவி.

இனிட்ஆர்டி கட்டத்தில் தேவைப்படும் கிரெடென்ஷியலை ஹோஸ்ட் சாவியால் பூட்டக் கூடாது. அப்போது /வார் மவுன்ட் ஆகியிருக்காது. டிபிஎம்2 மட்டும் போட்டுப் பூட்டுங்கள்.

செட்கிரெடென்ஷியல் என்ற விருப்பத்தைப் பெயரைப் பார்த்து நம்பிவிட வேண்டாம். அதன் மதிப்பு யூனிட் கோப்பிலேயே எழுத்தாக நிற்கிறது, யூனிட் கோப்பை எல்லோரும் படிக்கலாம். அதன் என்கிரிப்டெட் வடிவம் மட்டுமே ரகசியத்துக்கு ஏற்றது.

பதிப்பையும் பாருங்கள். டெபியன் 11இல் 247, உபுண்டு 22.04இல் 249. இவற்றில் அடிப்படை வசதி உண்டு, என்கிரிப்ட் வடிவம் இல்லை. டெபியன் 12இல் 252, உபுண்டு 24.04இல் 255. இவை தாராளம். ரெட் ஹேட் 8இல் 239 என்பதால் அங்கே இந்த வழியே கிடையாது.

சொந்த விஎம்: ஹைப்பர்வைசரிடமிருந்து உள்ளே

கேவிஎம் மெஷின்களை (லினக்ஸே ஹைப்பர்வைசராக, அதாவது விஎம்களை ஓட்டும் மென்பொருளாக, இயங்கும் விஎம்கள்) நீங்களே நடத்துகிறீர்கள் என்றால் நெட்வொர்க்கும் ஐஎஸ்ஓவும் இல்லாமலேயே கிரெடென்ஷியலைக் கொடுக்கலாம். விஎம்மை இயக்கும் கியூஈமு ப்ரோகிராம் அதற்குக் காட்டும் வன்பொருள் விவர அட்டவணையான எஸ்எம்பயாஸின் டைப் 11 என்ற பகுதியில் ஐஓ.சிஸ்டம்டி.கிரெடென்ஷியல் என்று தொடங்கும் எழுத்துத் தொடரை வைத்தால் சிஸ்டம்டி பூட் ஆகும்போது அதை எடுத்துக்கொள்ளும். கியூஈமு விஎம்முக்குக் கோப்புகளைக் கொடுக்கும் எஃப்டபிள்யூ-சிஎஃப்ஜி என்பது இன்னொரு வாயில். விஎம்மின் உள்ளே இரண்டையும் ரூட் மட்டுமே படிக்க முடியும்.

எது மேல்? எஸ்எம்பயாஸ் வேகமானது, கெர்னல் மாட்யூல் எதுவும் வேண்டாம், ஆனால் எழுத்து மட்டுமே தாங்கும். பைனரியை பேஸ்64 ஆக்கி, பைனரி என்ற பின்னொட்டோடு அனுப்ப வேண்டும். எஃப்டபிள்யூ-சிஎஃப்ஜி பைனரியை அப்படியே ஏற்கும், ஆனால் பெரிய கோப்புகளுக்கு மெதுவானது, முழுப் பெயர் 55 எழுத்துக்குள் அடங்க வேண்டும். முன்னொட்டே 27 எழுத்தைத் தின்றுவிடும்.

இரண்டிலும் பலர் கவனிக்காத கசிவு ஹோஸ்ட் பக்கம் இருக்கிறது. மதிப்பை கியூஈமுவின் கட்டளை வரியில் நேரடியாக எழுதினால், ஹோஸ்டில் பிஎஸ் கட்டளை போடும் எந்தப் பயனருக்கும் அது தெரியும். விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் வழியாகச் செய்தால் விஎம்மின் லாக் கோப்பிலும் அந்தக் கட்டளை வரி முழுசாகப் பதியும். ஆகவே மதிப்பை ஒரு கோப்பில் வைத்து, எஸ்எம்பயாஸுக்குப் பாத் விருப்பமும் எஃப்டபிள்யூ-சிஎஃப்ஜிக்கு ஃபைல் விருப்பமும் கொடுங்கள். அந்தக் கோப்புக்கு 0600 அனுமதி. லிப்விர்டில் எஃப்டபிள்யூ-சிஎஃப்ஜிக்குக் கோப்பைக் குறிப்பிடும் வசதி உள்ளது என்பதால், ரகசியத்துக்கு அதையும் வெறும் கான்ஃபிக்குக்கு எஸ்எம்பயாஸையும் வைத்துக்கொள்வது எங்கள் விருப்பம்.

இந்த வழியில் ரூட் கடவுச்சொல்லின் ஹாஷ், ரூட்டின் எஸ்எஸ்ஹெச் பொதுச்சாவி, நேர மண்டலம், மொழி ஆகியவற்றையும் கொடுக்கலாம். சிஸ்டம்டி தெரிந்து வைத்திருக்கும் பெயர்களில் அனுப்பினால் எந்த ஸ்கிரிப்டும் இல்லாமல் அவை அமைந்துவிடும். சிறிய விஎம்களுக்குக் கிளவுட்-இனிட்டே தேவைப்படாமல் போகலாம்.

ஹைப்பர்வைசரையே நம்ப முடியாத கான்ஃபிடென்ஷியல் விஎம்களில் புதிய சிஸ்டம்டி இந்த வாயில்களை வேண்டுமென்றே புறக்கணிக்கும். அது கோளாறு அல்ல. அங்கே என்கிரிப்ட் செய்த கிரெடென்ஷியலை ஈஎஸ்பி பார்ட்டிஷனில் (ஃபர்ம்வேர் படிக்கும் பூட் பார்ட்டிஷன்), கெர்னலும் இனிட்ஆர்டியும் ஒன்றாக அடங்கிய யூகேஐ கோப்புக்குப் பக்கத்திலுள்ள எக்ஸ்ட்ரா.டி அடைவில் வைக்கும் முறை இருக்கிறது. யூகேஐக்குள் இருக்கும் சிஸ்டம்டி-ஸ்டப் அதை எடுத்து இனிட்ஆர்டிக்குள் சேர்க்கும்போது அதன் ஹாஷை பிசிஆர் 12இல் பதிவும் செய்யும். ஈஎஸ்பி திறந்த வெளி என்பதால் என்கிரிப்ட் செய்யாத எதையும் அங்கே வைக்காதீர்கள்.

வால்ட் போன்ற மத்தியப் பெட்டகங்கள்

ஐம்பது மெஷின்களில் ஒரே கடவுச்சொல்லை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்றால் கிரெடென்ஷியல் கோப்புகளை ஒவ்வொன்றாக என்கிரிப்ட் செய்வது சரிவராது. ஹாஷிகார்ப் வால்ட், கிளவுட் நிறுவனங்களின் சீக்ரெட் மேனேஜர் போன்றவை அங்கேதான் தேவைப்படுகின்றன. யார் எதை எப்போது படித்தார் என்ற பதிவு கிடைக்கும், குறுகிய ஆயுள் கொண்ட கடவுச்சொற்களும் கிடைக்கும்.

ஆனால் பெட்டகத்தைத் திறக்க முதல் சாவி ஒன்று வேண்டுமே, அது எப்படி மெஷினுக்குள் போகும்? பொது கிளவுடில் மெஷினுக்கு வழங்கப்படும் ஐஏஎம் ரோல் என்ற அனுமதி அடையாளம் அதற்குப் பதிலாகிறது. அந்த ரோலின் தற்காலிகச் சாவிகளும் 169.254.169.254 முகவரியில்தான் வருகின்றன என்பதால், மேலே சொன்ன என்எஃப்டேபிள்ஸ் விதி இங்கே இரட்டிப்பு அவசியம். சொந்த மெஷினில், மெஷின் தன்னை வால்ட்டிடம் நிரூபிக்கும் ஆப்ரோல் முறையில் சீக்ரெட்-ஐடி என்ற ரகசியம் தேவை. அதை டிபிஎம்மால் பூட்டிய சிஸ்டம்டி கிரெடென்ஷியலாக வைப்பதே நமக்குத் தெரிந்தவற்றில் சுத்தமான இணைப்பு. முதல் சாவி மட்டும் மெஷினில், மற்றவை பெட்டகத்தில்.

பூட் வரிசைதான் இதன் பலவீனம். மின்தடைக்குப் பிறகு வால்ட் சீல் ஆன, அதாவது பூட்டிய, நிலையில் எழும். இயல்பான அமைப்பில் திறவுச்சாவியின் ஐந்து பங்குகளில் மூன்றைக் கொண்டுவந்து மனிதர்கள் திறக்க வேண்டும். அதுவரை மற்ற எல்லாச் சர்வீஸ்களும் தோற்றுக்கொண்டே இருக்கும். நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டுக்குப் பிறகு தொடங்கு என்று எழுதினால் போதாது. யூனிட்டில் ரீஸ்டார்ட் விருப்பம் போட்டிருந்தால் சிஸ்டம்டி இயல்பாக 100 மில்லிநொடி இடைவெளியில் மறுமுயற்சி செய்யும், 10 நொடிக்குள் 5 தொடக்கங்கள் ஆனதும் கைவிட்டுவிடும். ரீஸ்டார்ட் செக்கண்டை 15 ஆக்கி, ஸ்டார்ட்லிமிட்இன்டர்வலை 0 ஆக்குங்கள். டிஎன்எஸ், வால்ட்டின் ஸ்டோரேஜ் போன்றவற்றின் ரகசியங்களை வால்ட்டிலிருந்தே எடுக்கும்படி அமைக்காதீர்கள். அந்த வட்டத்தை வெளியிலிருந்து உடைக்க ஆளே இருக்காது.

எதை எடுப்பது

சொந்த ரேக்கில் சில சர்வர்கள் என்றால் டிபிஎம்மும் ஹோஸ்ட் சாவியும் சேர்ந்த சிஸ்டம்டி கிரெடென்ஷியல். வேறு எதையும் கூட்ட வேண்டாம். சொந்த கேவிஎம் என்றால் கோப்பு வழியாக எஃப்டபிள்யூ-சிஎஃப்ஜி. பொது கிளவுட் என்றால் கான்ஃபிக்குக்குக் கிளவுட்-இனிட், ரகசியத்துக்கு ஐஏஎம் ரோலும் சீக்ரெட் மேனேஜரும், மெட்டாடேட்டா முகவரிக்கு ரூட் மட்டும் என்ற விதி. பழைய டிஸ்ட்ரோவில் மாட்டிக்கொண்டவர்கள், ரூட் மட்டும் படிக்கும் கோப்பை வட்டு என்கிரிப்ஷனோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள். அது இரண்டாம்தரம்தான், ஆனாலும் யூசர்-டேட்டாவில் எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

என்விரான்மென்ட் மாறியை மட்டுமே ஏற்கும் மென்பொருளுக்கு, கிரெடென்ஷியல் கோப்பைப் படித்து மாறியாக்கிவிட்டு அதே ப்ராசஸாக மாறும் ஒரு சிறு ஷெல் உறை போதும். பாதி நன்மை போய்விடும், ஆனால் வட்டில் இருக்கும் பிரதியாவது பூட்டியே இருக்கும்.

எந்த வழியானாலும் உண்மையான கடவுச்சொல்லை வைப்பதற்கு முன் வேறெங்கும் வராத ஒரு போலிச் சொல்லை வைத்து மெஷினை ஒருமுறை பூட் செய்யுங்கள். பிறகு அந்தச் சொல்லைத் தேடுங்கள்: /ப்ராக்/சிஎம்டிலைனில், ஜர்னலில், சிஸ்டம்சிடிஎல் ஷோ வெளியீட்டில், ஓடும் ப்ராசஸ்களின் என்விரான்மென்டில், கிளவுட்-இனிட் லாக்குகளில், ஹோஸ்டின் பிஎஸ் பட்டியலிலும் லிப்விர்ட் லாக்கிலும், கடைசியாக வட்டின் ஸ்னாப்ஷாட்டை நேரடியாக கிரெப் செய்து. எங்காவது அகப்பட்டால் அந்த வரியை அழிப்பதோடு விடாமல் வழியைத் திருத்திவிட்டு, வேறொரு போலிச் சொல்லோடு மறுபடி பூட் செய்து தேடுங்கள்.